ஒரு சக்கரத் தேரும் பத்தொன்பது முடிச்சும்

ஆடி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில் நல்லமங்கலத்தில் நாங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் கையில் காப்புக் கயிற்றோடு கண் விழித்தோம். ஆண்களுக்கு வலது மணிக்கட்டில், பெண்களுக்கு இடது மணிக்கட்டில், மஞ்சள் துண்டு வைத்து ஒரே ஒரு முடிச்சுப் போட்டு, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பூசாரி கட்டுகிற மாதிரியே கட்டியிருந்தது. யார் கட்டினார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம் போனில் வந்த ‘காப்புக் கட்டு’ என்ற பொத்தானை அமுக்கியது நாங்கள்தான்.

ஊர்க்கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். தேர் முதலில் மேலத்தெருவுக்குள் திரும்புவதா கீழத்தெருவுக்குள் திரும்புவதா என்று எங்கள் ஊர்க்காரர்கள் மல்லுக்கட்டி, மண்டையை உடைத்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போய், நான்கு வருடமாகக் கொடையே இல்லாமல், தேரைத் தகரம் போட்டு மூடி, தகரத்துக்குக் காவலாக ஒரு போலீஸ்காரரையும் நாற்காலியில் உட்கார வைத்திருந்த காலத்தில்தான் ‘நம்ம ஊர் திருவிழா’ என்ற அந்த கேம் ஊருக்குள் வந்தது. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி செய்தது. போனுக்குள்ளே ஒரு கோயில், கோயிலைச் சுற்றி நான்கு வீதி, வீதியில் அவரவர் கடை போடலாம், பந்தல் போடலாம், முளைப்பாரி வளர்க்கலாம், ராட்டினம் சுற்றலாம், ஊர்ப்பேரைப் போட்டுச் சேர்ந்துகொண்டால் ஊரே ஒன்றாக ஆடலாம். நேரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மேலத்தெருக்காரனும் கீழத்தெருக்காரனும் போனுக்குள்ளே ஒருத்தன் பந்தலுக்கு ஒருத்தன் மூங்கில் பிடித்துக் கொடுத்தார்கள். கறிக்கடை ரஹ்மத்துல்லா அண்ணன் அங்கே சர்பத் கடை போட்டார், ஜெராக்ஸ் கடை பேச்சித்தாயக்கா வளையல் கடை போட்டாள், நான் பொரிகடலை விற்றேன். கொடை இல்லாத ஊருக்கு அது ஒரு கொடை, அதை எவன் கேலி பண்ணினாலும் எனக்குக் கோபம் வரும்.

அந்த கேமில்தான் ஆடிச் செவ்வாய்க்குக் காப்புக் கட்டுவதாகவும், எட்டாம் நாள் தேர் அப்டேட் வரும், தேர் ஓடும், தேர் நிலைக்கு வந்ததும் காப்பு அவிழும் என்றும் கம்பெனி அறிவித்திருந்தது. காப்புக் கட்டியவர்கள் அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதைக் கம்பெனிக்காரன் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினானா, சும்மா அழகுக்காக எழுதினானா, எங்களுக்குத் தெரியாது. ஆனால் கயிற்றுக்குத் தெரிந்திருந்தது. அன்று காலை ஆறேகால் மதுரை பஸ்ஸில் ஏறிய இருபத்தேழு பேர் எல்லைக்கல் தாண்டிய நொடியில் பஸ்ஸில் இல்லை, பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கையில் டிக்கெட்டும் மடியில் சாப்பாட்டுத் தூக்குமாக. யாரும் பதறவில்லை, காப்புக் கட்டினால் அப்படித்தானே என்று எழுந்து வீட்டுக்குப் போனார்கள். எட்டு நாள்தானே என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.

எட்டாம் நாள் தேர் வரவில்லை. சாயங்காலம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே தெருவில் நின்றது, ஆறரை மணிக்குக் கம்பெனியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது, கும்பிட்ட கை இரண்டு, தாமரைப்பூ ஒன்று, நடுவில் ஒரு வரி: தேர் அப்டேட் விரைவில், உங்கள் பொறுமைக்கு நன்றி. மறுநாள் காலை பார்த்தால் எல்லோர் கயிற்றிலும் இரண்டாவது முடிச்சு விழுந்திருந்தது.

அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை அறிவிப்பு வந்தது, அறிவிப்பு வந்த மறுநாள் முடிச்சு வந்தது, முடிச்சு கூடக் கூடக் கயிறு குறுகியது. கத்தரிக்கோல் வழுக்கிக்கொண்டு போனது, அரிவாள்மணை மொட்டையானது, நெருப்புக் காட்டினால் நெருப்பு ஒதுங்கிக்கொண்டது. கோயில் பூசாரியிடம் போய்க் கையை நீட்டினால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நான் கட்டல. கட்டுனவுக வாயத் தொறந்து உள்ளதச் சொல்லி அவுக்கணும், அதான் மொற,” என்று சொல்லிவிட்டு விபூதி மட்டும் கொடுத்தார்.

மனுசன் எதற்குத்தான் பழக மாட்டான். கண்டக்டர்கள் பஸ் வாசலில் நின்று “கையக் காட்டுங்க” என்று மணிக்கட்டைப் பார்த்த பிறகே டிக்கெட் கிழித்தார்கள். நிச்சயம் பண்ணிய நான்கு கல்யாணங்கள் தள்ளிப் போயின, காப்போடு மாப்பிள்ளைக்கு எப்படி மாலை போடுவது. விரதம் என்பதால் யாரும் கறி எடுக்கவில்லை, ரஹ்மத்துல்லா அண்ணன் தன் கையிலும் அதே மஞ்சள் கயிற்றோடு கடையில் உட்கார்ந்து, ஈ ஓட்டிக்கொண்டே, போனில் சர்பத் விற்றார். கேம் ஆடாதவர்களுக்கு யோகம் அடித்தது. போனைக் கண்டாலே எரிந்து விழுந்துகொண்டிருந்த ஆட்களெல்லாம் ஊருக்கு வேண்டியவர்களாகி, எங்களுக்காக வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கி வந்தார்கள், எங்களுக்காகக் கோர்ட்டில் வாய்தா கேட்டார்கள். டெய்லர் சுப்புக்காளை ஒரே மாதத்தில் பதினொரு வீட்டுத் துக்கத்துக்கு எங்கள் சார்பில் போய், பதினொரு இடத்திலும் குறையில்லாமல் அழுதுவிட்டு வந்தார்.

அறிவிப்புகளுக்கு அர்த்தம் சொல்ல சங்கரபாண்டியன் இருந்தார். முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், தினம் பத்து மணிக்குப் பேச்சித்தாயக்காவின் ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அறிவிப்பை மூன்று தரம் படிப்பார். ‘விரைவில்’ என்று வந்தால் இன்னும் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். ‘மிக விரைவில்’ என்று வந்தால் யாரோ மேலே இருக்கிறவர் சத்தம் போட்டிருக்கிறார். ‘இறுதிக்கட்டப் பணியில்’ என்று வந்தால் முதல் கட்டமே இனிமேல்தான். இதை அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும், தன் கையெழுத்தைத் தானே அடையாளம் கண்டுபிடித்தது போல.

“நீங்களும் இப்படித்தான எழுதுனீக, அண்ணாச்சி?” என்று ஒருநாள் பேச்சித்தாயக்கா கேட்டாள்.

“ஆவன செய்யப்படும்னு எழுதுவேன்,” என்றார் அவர். “நல்ல தமிழ் அது.”

“ஆவன செஞ்சீகளா?”

அவர் அந்த ஸ்டூலை விட்டு எழுந்து போய், மறுநாள் பத்து மணிக்குத் திரும்பி வந்தார்.

எல்லோருக்கும் கை வலித்தது, ஆனால் பேச்சித்தாயக்காவுக்குக் கை மட்டும் வலிக்கவில்லை. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம், ஒரே மகள் கோமதி, கட்டிக் கொடுத்தது ஓசூரில். மருமகன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், அவருக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வரலாம் என்று இருந்தபோது, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படி ஏறக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார், செப்டம்பர் பதினெட்டு காலை ஒன்பதரை. மகள் வர முடியாது, ஆகவே அம்மா போக வேண்டும், ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். ஆவணி பிறந்தபோது அவள் கையில் நான்கு முடிச்சு இருந்தது.

நடந்தது என்ன என்று அவள் மகளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள். பிளஸ் டூ படிக்கும்போது போனில் கேம் ஆடினாள் என்று கோமதியின் போனை ஒரு வருடம் அரிசிப் பானைக்குள் போட்டுப் பூட்டி வைத்தவள் இவள். நாற்பத்தாறு வயதில் போனுக்குள் வளையல் கடை போட்டு, அதனால் ஊரைவிட்டு வர முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது. அதனால் வெள்ளிக்கிழமை வந்திருவேன் என்றாள், மெசின் ரிப்பேர் என்றாள், ஞாயித்துக்கிழமை கட்டாயம் என்றாள், கால்வலி என்றாள், இந்தா கிளம்பிக்கிட்டே இருக்கேன் என்றாள். அந்தப் பக்கத்தில் கோமதி ஒவ்வொரு தடவையும் “சரிம்மா” என்றாள், ஒவ்வொரு ‘சரிம்மா’வும் முந்தினதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

ஏழு தடவை அவள் பஸ் ஏறினாள். ஏழு தடவையும் பலகாரப் பையோடு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வயல்வழியாக நடந்து பார்த்தாள், ஆட்டோவில் போர்வைக்குள் படுத்துப் பார்த்தாள், ஒரு தடவை எல்லைக்கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக நடந்து தாண்டினாள். பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினோராவது முடிச்சு விழுந்த அன்று ஊரே கூடிக் கம்பெனிக்கு ஒரு கருத்து எழுதுவது என்று முடிவானது. மேலத்தெருவும் கீழத்தெருவும் நான்கு வருடத்துக்கு அப்புறம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அந்த ஜெராக்ஸ் கடை வாசலில்தான். சங்கரபாண்டியன் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று தொடங்கினார், தங்கள் மேலான கவனத்துக்கு என்று தொடர்ந்தார், பாதி பக்கம் போயும் விஷயம் வரவில்லை. பேச்சித்தாயக்கா போனைப் பிடுங்கி, வீங்கிய விரலால் அவளே எழுதினாள்: வராது என்றால் வராது என்று சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம். கீழே எங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, தேர் மிக விரைவில்.

மறுநாள் பன்னிரண்டாவது முடிச்சு. அன்றைக்குத்தான் ரஹ்மத்துல்லா அண்ணன் சுண்டுவிரல் மரத்துப்போய்விட்டது என்று சொன்னார், அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் பயந்தேன். பேசாமலாவது இருங்கள் என்று சிலர் கம்பெனிக்குக் கெஞ்சி எழுதினார்கள். அதற்கும் நன்றி சொல்லி ஒரு அறிவிப்பு வந்தது, அதற்கும் ஒரு முடிச்சு விழுந்தது. போன் ‘டிங்’ என்றாலே ஊரில் குழந்தைகள் முதற்கொண்டு மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார்கள்.

அறிவிப்பின் அடியில் உதவிக்கு என்று ஒரு நம்பர் இருக்கும். அதை யாரும் எடுப்பதில்லை, மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். கடையில் ஆள் இல்லாத நேரம் மதியம் ஒன்று பத்து என்பதால் பேச்சித்தாயக்கா தினமும் ஒன்று பத்துக்கு அந்த நம்பரைக் கூப்பிட்டாள். முப்பத்து மூன்று நாள் கூப்பிட்டாள். முப்பத்து நான்காம் நாள், செப்டம்பர் பதினான்காம் தேதி, யாரோ எடுத்துவிட்டார்கள்.

“ஹலோ,” என்றது ஒரு குரல், எடுத்ததற்காகப் பயந்துபோன குரல். “தினம் இதே நேரத்துக்குக் கூப்பிடறது நீங்கதானா?”

“நாந்தான். நீங்க யாரு?”

“ரூபன். அறிவிப்பு எல்லாம் நான்தான் போடறேன். எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஆனா தினம் அடிக்குதே.”

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். தேரு எவ்வளவு முடிஞ்சிருக்கு?”

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

“ஒரு சக்கரம்,” என்றான்.

“ஒரு சக்கரமா?”

“வரைஞ்சவர் ஜூன் மாசமே வேலைய விட்டுப் போயிட்டார்க்கா. வேற ஆள் எடுக்கல. மேல கேட்டா, தேதி சொல்லாதே, இல்லைன்னும் சொல்லாதே, பாசிட்டிவா எழுதுங்கறாங்க. எழுதிக் குடுக்கறத போடறேன். நான் என்ன பண்ண முடியும்?”

அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அவனைக் கண்டபடி ஏசியிருக்கலாம், ஏசவில்லை. கையை போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினாள். முடிச்சு பத்தொன்பது, கயிற்றுக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி, விரல் நுனி ஐந்தும் கருநீலம். அவன் அதைப் பார்த்தானா என்று தெரியவில்லை. ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

தனக்கு மட்டும் தெரிந்தால் கயிறு தளராது என்பதும் அப்போது தெரிந்தது. உண்மை கட்டியவர்கள் வாயால், கட்டிக்கொண்ட எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வர வேண்டும். பூசாரி சொன்னது சரிதான்.

அன்று சாயங்காலம் கோமதி கூப்பிட்டாள். அக்கா வழக்கம்போல, “பதினாறாந்தேதி கண்டிப்பா அங்க இருப்பேன்டா, டிக்கெட் கூட...” என்று தொடங்கினாள்.

“அம்மா,” என்றாள் கோமதி. அழவில்லை, சத்தம் போடவில்லை, பேங்கில் விவரம் கேட்பது போலக் கேட்டாள். “வர முடியாதுன்னா வர முடியாதுன்னு சொல்லிரு. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்.”

பேச்சித்தாயக்கா ஜெராக்ஸ் மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அவள் கம்பெனிக்கு எழுதிய வரி. வீங்கிய விரலால், எழுத்தெழுத்தாக, கோபத்தில் எழுதிய வரி. ஆவணி முதல் தேதியிலிருந்து தான் மகளுக்கு என்னவெல்லாம் சொன்னோம் என்று அவள் வரிசையாக நினைத்துப் பார்த்தாள், வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, இந்தா கிளம்பிட்டேன், ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் என்ன முடிச்சு விழுந்திருக்கும் என்றும் நினைத்தாள். இதை எங்களிடம் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். கேம், வளையல் கடை, காப்பு, எல்லைக்கல், சிமெண்ட் பெஞ்சு, ஒரு சக்கரம். மெசின் ரிப்பேர் ஆகவே இல்லை என்பதையும் சொன்னாள்.



“எத்தன முடிச்சு?” என்றாள் கோமதி.

“பத்தொம்போது.”

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“எம்போன அரிசிப் பானைக்குள்ள போட்டியே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“சரி,” என்றாள் கோமதி. “பக்கத்து வீட்டு லட்சுமம்மாவ ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுதேன். நீ எப்ப வருவேன்னு இனிமே எங்கிட்ட சொல்லாத. வந்தா வா.”

திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த ‘வந்தா வா’ அக்காவை ஒரு ராத்திரி தூங்க விடவில்லை.

பதினைந்தாம் தேதி ரூபன் போனை எடுக்கவில்லை, ஆனால் அந்த போட்டோவுக்கு அப்புறம் புது அறிவிப்பும் வரவில்லை. பதினாறாம் தேதி மதியம் ஒன்று பத்துக்கு ரூபன் முதல் மணியிலேயே எடுத்தான், காத்துக்கொண்டிருந்தவன் போல. அக்கா அவனிடம் தேரைப் பற்றிப் பேசவே இல்லை. தன் மகளிடம் தான் என்ன செய்தோம் என்பதை மட்டும் சொன்னாள், உண்மையைச் சொன்ன பிறகு மகள் என்ன சொன்னாள் என்பதையும் சொன்னாள்.

“சொன்னா கேவலமாத்தான் இருக்கு, தம்பி. இல்லன்னு சொல்லல. ஆனா அவ பக்கத்து வீட்டம்மாவ கூப்பிட்டுக்கிட்டா பாத்தியா. நான் முன்னாலயே சொல்லியிருந்தா ஒரு மாசத்துக்கு முன்னாலயே கூப்பிட்டிருப்பா. தனியாக் கெடந்திருக்க மாட்டா.”

“என் வேலை போயிடும்க்கா.”

“போகும்,” என்றாள் அக்கா. போகாது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

அவன் மூச்சு விடுவது கேட்டது. “நாளைக்கு மூணரைக்கு எல்லாரும் மீட்டிங்குக்குப் போவாங்க. மூணு நாற்பதுக்குப் போடறேன். எவ்வளவு நேரம் விட்டு வைப்பாங்கன்னு தெரியாது. போட்டவுடனே எல்லாரும் படிச்சுடுங்க.”

ஒரு மாதத்துக்கு மேலாக விரைவில் என்ற ஒரே சொல்லைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன ஊருக்குள் ‘மூணு நாற்பது’ என்ற சொல் நுழைந்தபோது என்ன ஆனது என்பதை எழுத எனக்குச் சரியாக வரவில்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. மூணு நாற்பதா, மூணு நாற்பதேதானா, சுமாராக மூணு நாற்பதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். நம்ப முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. சங்கரபாண்டியன் மட்டும், நேரம் குறித்துக் கொடுக்கிற ஆபீஸ் உலகத்திலேயே கிடையாது என்றார்.

பதினேழாம் தேதி மூன்று மணிக்கெல்லாம் அறுநூறு பேரும் எல்லைக்கல் பக்கத்தில் நின்றோம், பெட்டியோடு, பையோடு, தள்ளிப்போன கல்யாணத்து மாப்பிள்ளைகள் இஸ்திரி போட்ட சட்டையோடு. மதுரை பஸ் டிரைவர் எங்களுக்காக வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். மூன்று பத்துக்குப் பேச்சித்தாயக்காவின் போன் அடித்தது. மருமகன். கோமதிக்கு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம், நாளைக்கு வரை காத்திருக்க முடியாது, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்கிறார்கள், ஐந்தரை ஆறுக்குள் உள்ளே கொண்டு போவார்கள் என்றார்.

அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பஸ்ஸுக்குள் ஏறி டிரைவர் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

மூன்று நாற்பது ஆனது. போனில் ஒன்றும் வரவில்லை.

மூன்று நாற்பத்தொன்று. ரஹ்மத்துல்லா அண்ணன் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார், பூசாரி கூட வந்து நின்றிருந்தார், ஒரு கைக்குழந்தை இருமியது. சங்கரபாண்டியன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, “நான்தான் சொன்னேனே,” என்றார், அதில் சந்தோஷம் இல்லாமலும் இல்லை. மூன்று நாற்பத்திரண்டு. பேச்சித்தாயக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை கயிற்றுக்கு மேலே வெளிறியும் கீழே கறுத்தும் இருந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று நாற்பத்து மூன்றுக்கு அறுநூறு போனும் ஒன்றாக ‘டிங்’ என்றன.

கும்பிட்ட கை இல்லை, தாமரை இல்லை. நல்லமங்கலத்துக்கு வணக்கம் என்று தொடங்கியது. தேர் தயாராகவில்லை. ஒரு சக்கரம்தான் முடிந்திருக்கிறது. அதைச் செய்தவர் ஜூன் மாதம் போய்விட்டார். எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது, வராமலும் போகலாம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தப்பு. நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். கை நடுங்கியதால் மூன்று நிமிடம் தாமதம், மன்னிக்கவும். ரூபன்.

படித்து முடிக்க முடிக்க முடிச்சு அவிழ்ந்தது. வேகமாகப் படிப்பவர்களுக்கு முதலில், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்குக் கடைசியில், படிக்கத் தெரியாத கிழவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது. பத்தொன்பது முடிச்சும் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து, கயிறு தரையில் விழுந்து, எல்லைக்கல்லைச் சுற்றி மஞ்சளாகக் கிடந்தது. ஒருவரும் கூச்சல் போடவில்லை. கையை உதறிக்கொண்டு, ரத்தம் திரும்புகிற குத்தலைப் பொறுத்துக்கொண்டு நின்றோம். டிரைவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை எடுத்தார், பஸ் எல்லைக்கல்லைத் தாண்டியது, முதல் சீட்டில் ஆள் இருந்தது.

அந்த அறிவிப்பு பதினொரு நிமிடம் இருந்தது, அப்புறம் காணாமல் போனது. தவறுதலாக வெளியான செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம், தேர் விரைவில் என்று கும்பிட்ட கையோடு புதிதாக ஒன்று வந்தது. படித்தவர்கள் யாருக்கும் முடிச்சு விழவில்லை. சங்கரபாண்டியன் படிக்கவில்லை. அந்த நேரம் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார், வாசித்துக் காட்டப் போனவர்களிடம் அதிகாரபூர்வமாக வரட்டும் என்று சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டார். ஊரில் இன்றைக்கும் காப்போடு இருப்பது அவர் ஒருவர்தான். அறிவிப்பு வந்தால் மூன்று தரம் படிக்கிறார். விரல் இரண்டு மடங்குவதில்லை. கோபமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

ரூபனுக்கு வேலை போய்விட்டது. அடுத்த ஆடிக்கு எங்கள் ஊர்க் கொடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டோம். கொடை நடக்குமா என்று கேட்டான். மேலத்தெருக்காரர்களும் கீழத்தெருக்காரர்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வழக்கு வாபஸ் ஆகவில்லை, நடக்குமா என்று எங்களுக்கே தெரியாது என்று உள்ளதைச் சொன்னோம். அப்படியென்றால் வருகிறேன் என்றான்.

பேச்சித்தாயக்கா அன்றைக்கு ஐந்து இருபதுக்குத் திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தாள். சாலையில் ஏதோ வேலை நடந்து பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. கோமதியே பேசினாள், பின்னால் சக்கரக் கட்டில் உருளுகிற சத்தம் கேட்டது.

“அம்மா, எங்க இருக்க?”

வந்துக்கிட்டே இருக்கேன்டா, இந்தா வந்துட்டேன் என்று சொல்லத்தான் எந்தத் தாய்க்கும் வாய் வரும், பயந்து கிடக்கிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது. அவளுக்கும் வந்தது. இடது மணிக்கட்டில் கயிறு கிடந்த இடம் பள்ளமாக, வெள்ளையாக இருந்தது, அதை வலது கையால் தடவிக்கொண்டாள்.

“திருமங்கலம் தாண்டல,” என்றாள். “நீ உள்ள போறதுக்குள்ள என்னால வர முடியாது. பிள்ள பெறக்கும்போது நான் அங்க இருக்க மாட்டேன். ராத்திரி ரெண்டரை ஆயிரும்.”

அந்தப் பக்கம் யாரோ கன்னடமும் தமிழும் கலந்து கையைக் கொடும்மா என்று சொல்வது கேட்டது, அது லட்சுமம்மாவாக இருக்க வேண்டும்.

“ரெண்டரையா?” என்றாள் கோமதி.

“ரெண்டரை.”

“சரிம்மா,” என்றாள். இந்த ‘சரிம்மா’ சின்னதாக இல்லை. “ரெண்டரைக்கு நான் முழிச்சிருப்பேன்.”

போனை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே கொண்டு போனார்கள். பேச்சித்தாயக்கா கண்டக்டரைக் கூப்பிட்டு, மதுரையில் இறங்கினால் ஓசூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

“இப்ப வந்துரும்க்கா,” என்றார் கண்டக்டர்.

“எத்தன மணிக்குன்னு பாத்துச் சொல்லுங்க,” என்றாள் அவள்.